பாத்துத் தாங்கோ: கிளிநொச்சியில் மூன்று மாதம் ஆட்டோ ஏறிய அனுபவம்

இலங்கையில் இருக்கிற கிளிநொச்சிக்குப் போகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். அங்கே ஆட்டோ எப்படி, வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் காசைக் கறந்துவிடுவார்களா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியதையெல்லாம் சேர்த்து இங்கே போடுகிறேன்.

நான் திருச்சிக்காரி. அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் ஒரு வேலைக்காகப் போய் மூன்று மாதம் தங்கியிருந்தேன். கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை. காலையில் ஏ9 சாலையில் பஸ், மாலையில் நேரமாகிவிட்டால் ஆட்டோ, ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற ஆட்டோ. மொத்தத்தில் கிளிநொச்சி ஆட்டோக்களுக்கு 5-க்கு 4 கொடுப்பேன். ஒன்றைக் குறைத்ததற்கு ஒரே ஒரு இரவுதான் காரணம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் பலாலி விமான நிலையத்தில் இறங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து, ஆனையிறவு, பரந்தன் எல்லாம் தாண்டி கிளிநொச்சி பஸ் நிலையத்தில் இறங்கினேன். பஸ் கரடிப்போக்கைக் கடந்துதான் வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இரண்டு பெட்டி, நல்ல வெயில். ஓர் ஆட்டோக்காரர் 500 ரூபாய் என்றார். 500 என்று காதில் விழுந்ததும் திக்கென்றது. அடுத்த நிமிடமே நம் காசுக்கு மாற்றிப் பார்த்தால் 150-கூட வரவில்லை, அட இவ்வளவுதானா என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பீடத்தில் உடன் வேலை பார்த்தவர் கேட்டுவிட்டு, "ரெண்டு கிலோமீற்றர்தானே, 250 குடுத்தாக் காணும். பெட்டி இருந்ததெல்லோ, 300 எண்டாலும் சரி" என்றார்.

போன காசு பெரிதில்லை. ஆனால் அன்றைக்கே ஒன்று பிடிபட்டது. திக்கென்றதும் தப்பு, அட இவ்வளவுதானா என்றதும் தப்பு. என் ஊர்க் காசில் அது எவ்வளவு என்பதற்கும் அந்தச் சவாரி எவ்வளவு பெறும் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தத் தூரத்துக்கு அந்த ஊர்க்காரர் என்ன கொடுக்கிறாரோ அதுதான் விலை. அதை ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆட்டோ ஓட்டாத ஒருவரிடம் கேட்பது. பஸ் நிலையத்துப் பக்கத்தில் ஏதாவது கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, "இங்கேயிருந்து வட்டக்கச்சிக்கு ஓட்டோவுக்கு எவ்வளவு குடுக்கலாம்" என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்வார், பக்கத்தில் தேநீர் குடிக்கிறவர் அதை மறுத்து இன்னொரு விலை சொல்வார், இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

கொழும்பில் மீட்டர் போட்ட ஆட்டோ உண்டு, போனில் செயலியைத் திறந்தால் தொகையைக் காட்டிவிடும். கிளிநொச்சியில் நான் ஏறிய எந்த வண்டியிலும் மீட்டர் கிடையாது. செயலியும் நான் போட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வண்டி இல்லை என்றுதான் சொன்னது. ஆகவே வாயைத் திறந்து கேட்டே ஆகவேண்டும். இங்கேதான் நம் தமிழ் நம்மையே காலை வாரும். மூன்றாம் நாளோ என்னவோ, ஒரு தம்பியிடம் "கொஞ்சம் பேசி முடிச்சுக்கலாமே" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போய், "ஏன் அக்கா பேசுறீங்கள், நான் என்ன செய்தனான்" என்றார். அங்கே பேசுவது என்றால் திட்டுவது என்றும் அர்த்தம் உண்டு. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். அதேபோல "எவ்வளவு ஆகும்" என்று நான் கேட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதில் வரும், "எவ்வளவு எடுப்பீங்கள்" என்று கேட்டால் உடனே வரும். போய்த் திரும்புவதற்கு "போக வர" என்று சொல்லவேண்டும். சில்லறை என்பது "மாத்தின காசு". இந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு, வயதில் பெரியவரை ஐயா என்றும் மற்றவரை அண்ணா என்றும் சின்னவரைத் தம்பி என்றும் கூப்பிட்டாலே பாதிக் கதை முடிந்துவிடும். "ஏய் ஆட்டோ" என்று ரோட்டில் நின்று கைதட்டிக் கூப்பிடுகிற பழக்கம் நம்மூரோடு இருக்கட்டும், அங்கே அது மிகவும் உறுத்தும்.

விலை சொல்லாத ஆட்டோக்காரர்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எவ்வளவு எடுப்பீங்கள் என்றால், தலையைச் சொறிந்துகொண்டு, "பாத்துத் தாங்கோ அக்கா" என்பார்கள். இது தந்திரம் இல்லை என்று இப்போது அடித்துச் சொல்வேன். தெரிந்த முகத்திடம், வீட்டுக்கு வந்துபோகிறவரிடம் காசை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற மரியாதைதான் அது. ஆனால் விலை தெரியாத நமக்கு அது பெரிய சங்கடம். கூடக் கொடுத்தால் நமக்கு நட்டம், குறைத்துக் கொடுத்தால் அவர் வாய் திறக்கமாட்டார். ஒருமுறை உருத்திரபுரம் வரைக்கும் கொண்டுபோய் விட்ட ஒரு வயதான ஐயா இப்படிச் சொல்ல, நான் 300 கொடுத்தேன். அவர் நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், "சரி பிள்ளை" என்றார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பெட்ரோலுக்கே சரியாகப் போயிருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவரைத் தேடினேன், திரும்பப் பார்க்கவே முடியவில்லை. இன்றைக்கும் மனது கேட்கவில்லை. அதற்குப் பிறகு யார் பாத்துத் தாங்கோ என்றாலும், "ஐயா, நான் ஊருக்குப் புதுசு, குறைச்சுத் தந்திடுவேன், நீங்களே ஒரு கணக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன பிறகு யாரும் கூட்டிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சரி, அந்தக் கணக்கு எப்படி வருகிறது? இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கரடிப்போக்கில் நிற்கிற ஓர் அண்ணன். இரண்டாவது மாதத்திலிருந்து பெரும்பாலும் அவர் வண்டிதான். சிவப்பு நிற பஜாஜ், முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பிள்ளையார், மழைக்கு இரண்டு பக்கமும் இறக்கிவிடத் தடித்த பொலித்தீன். ஹாண்டிலுக்குப் பக்கத்தில் ரப்பர் வளையம் போட்டு ஒரு பள்ளிக்கூடக் கொப்பி, அதாவது நோட்டுப் புத்தகம், தொங்கும். ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு வரி: தேதி, இடம், காசு. பெட்ரோல் அடித்த நாளில் சிவப்புப் பேனாவில் லிட்டரும் தொகையும். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பிரித்துக் காட்டினார். லிட்டருக்குச் சுமார் 25 கிலோமீட்டர் போகும், உள்ளூர்க் கிரவல் ரோட்டில் அதுவும் வராது. டயர், எண்ணெய், லீசிங் காசு எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருந்தன.

2022-ஆம் ஆண்டுப் பக்கங்கள் பாதிக்கு மேல் வெறுமை. பெட்ரோல் இல்லை. 2021 கடைசியில் லிட்டர் 177 ரூபாயாக இருந்தது, அடுத்த ஜூனில் 470. விலை ஏறியதை விடக் கொடுமை, காசு கொடுத்தாலும் கிடைக்காது. பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்த பிறகு ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லிட்டர் என்று ஆரம்பித்தார்கள். "5 லீற்றரிலை அக்கராயனுக்கு நாலு தரம் போய்வந்தா முடிஞ்சுது தங்கச்சி, மிச்ச நாள் வீட்டிலைதான்" என்றார். வாகன இறக்குமதியும் 2020-இல் நின்றது, 2025-இல்தான் திறந்தார்கள், அதனால் இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகூடத் தங்க விலை. இதெல்லாம் தெரியாமல் "அந்தக் காலத்தில் நான் வந்தபோது நூறு ரூபாய்தானே" என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, வெறும் வண்டி. திருச்சியில் "ரிட்டன் சவாரி கிடைக்காது மேடம்" என்று ஆட்டோக்காரர் சொன்னால் நாம் நம்பமாட்டோம், நகரத்துக்குள் எங்கேயும் கிடைக்கும். கிளிநொச்சி இருக்கிற வன்னியில் அது உண்மை. ஏ9 என்பது ஒரு முதுகெலும்பு, ஊர்கள் எல்லாம் இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி இருக்கின்றன. அக்கராயன், கோணாவில், வட்டக்கச்சி என்று எங்கே போனாலும், ஆளை இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டிக்குப் பொழுதுபட்ட பிறகு ஒருவரும் கைகாட்டப்போவதில்லை. அதனால் உள்ளூருக்கு ஒருவழி கேட்டாலும் போக வர எண்ணெய் சேர்ந்துதான் விலை வரும், அதை அநியாயம் என்று சொல்லமுடியாது. நான் கண்டுபிடித்த வழி, திரும்பி வரவும் அதே வண்டியைப் பேசிவிடுவது. ஒருவழிக்கு 1,500 என்றால் போக வர, ஒரு மணி நேரம் நிற்க, 2,000-க்கு வருவார்கள். அவருக்கும் லாபம், எனக்கும் லாபம். ஏ9 மேலேயே போகிற இடத்துக்கு ஆட்டோவே வேண்டாம், பஸ் தாராளமாக வரும்.

குறைத்துக் கேட்பதற்கே கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். ஜூலை, ஆகஸ்டில் கனடா, லண்டன், சுவிஸ் என்று ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு வருவார்கள். நல்ல மனம் உள்ளவர்கள், பல வருடம் கழித்து ஊரைப் பார்க்கிறவர்கள், 250 ரூபாய்ச் சவாரிக்கு 1,000 கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கொடுப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆகஸ்டில் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அம்மம்மா, வட்டக்கச்சிக்குப் போகவேண்டும். ஒரு வண்டி 1,500 என்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் பஸ் நிறுத்தம் பக்கம் நடக்கத் தொடங்கினார், இரண்டு எட்டு வைப்பார், நிற்பார், மறுபடி இரண்டு எட்டு. நான் கரடிப்போக்கு அண்ணனுக்குப் போன் போட்டேன். வழக்கமாக 900 என்றார், வந்தார், நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம், அம்மம்மா தன் பங்கு என்று 300 ரூபாயை எண்ணி என் கையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார், வேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவே இல்லை.

அந்த 1,500 எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? விலை கேட்காமல் ஏறுகிற, மிச்சம் வாங்காமல் இறங்குகிற எங்களைப் போன்றவர்களிடமிருந்துதான். நாம் போய்விடுவோம், அந்த விலையோடு ஊர்க்காரர்தான் இருக்கவேண்டும். ஆகவே விலையை ஊர் விலைக்குப் பேசுங்கள். மனமிருந்தால் இறங்கும்போது, "இது பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்க" என்று தனியாகக் கொடுங்கள். வாடகை வேறு, அன்பு வேறு என்று அவருக்கும் தெரியும்படி கொடுத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இப்போது அந்த இரவு. அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார், கொழும்பில் போய்க் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்தோம். ரயில் தாமதம், கிளிநொச்சி ஸ்டேஷனில் இறங்கும்போது இரவு 11.30. வெளியே ஒரே ஒரு வண்டி. 600 என்றார், அந்த நேரத்துக்கு அது நியாயம் என்று ஏறினோம். வீட்டு வாசலில் 1,200 கேட்டார். ஒரு ஆளுக்கு 600 என்றாராம். அம்மா திருச்சித் தமிழில் ஆரம்பித்தார், ஆட்டோக்காரர் குரலை உயர்த்தினார், தெருவில் நாய்கள் எல்லாம் குரைக்க, வீட்டுக்கார ஐயா டார்ச் லைட்டோடு வந்து, "தம்பி, ஆளுக்கு இவ்வளவெண்டு எந்தக் காலத்திலை கிளிநொச்சியிலை ஓட்டோ ஓடினது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஆட்டோக்காரர் 700 வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று மாதத்தில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அன்றைக்கு மட்டும்தான். அதிலிருந்து ஏறுவதற்கு முன் முழுசாகச் சொல்லிக்கொள்வேன்: "ரெண்டு பேருக்கும், பைகளோட, வாசல் வரைக்கும், எல்லாம் சேர்த்து 600, சரியோ அண்ணா?" அவர் வாயால் சரி என்று வரவேண்டும், தலையாட்டினால் போதாது. இரவில் வந்து இறங்குவதாக இருந்தால் பகலிலேயே தெரிந்தவருக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். தனியாகப் போகிற பெண்கள், ஏறியதும் வண்டி நம்பரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதை ஓட்டுநருக்கும் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா ஆசைப்பட்டது வற்றாப்பளை கண்ணகி அம்மன். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு இங்கே வந்து தங்கினாள் என்பது அந்த ஊர் நம்பிக்கை, வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். நாங்கள் போனது சாதாரண நாள். பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, வற்றாப்பளை, ஒட்டுசுட்டான், மாங்குளம், முறிகண்டி என்று ஒரு சுற்று, கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். ஒரு வான் (நம்மூர் வேன்) 22,000 என்றது. வேறோர் ஆட்டோ 14,000. நம் அண்ணன் 12,000 என்றார். நான் சொன்னேன்: "அண்ணா, இது வட்டமா வாற பாதை, வெறும் வண்டியா நீங்கள் ஒரு கிலோமீட்டர்கூட ஓடப்போறதில்லை." அவர் கொப்பியை எடுத்தார், ஏதோ கூட்டினார், "அதுவும் சரிதான், 10,000 தாங்கோ, நிக்கிற நேரமெல்லாம் அதுக்குள்ளை" என்றார். மூன்று மாதத்தில் நான் பேசிய பேரத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். கத்தவில்லை, வண்டியை விட்டு நடப்பதுபோல நடிக்கவில்லை, அவர் கணக்கிலேயே ஓர் இடத்தைக் காட்டினேன், அவர் பார்த்தார், குறைத்தார்.

காலை 6 மணிக்கு வந்து நின்றார். பின்சீட்டில் கழுவிக் காயவைத்த துணி விரித்திருந்தது. ஆட்டோவில் இவ்வளவு தூரம் முதுகு தாங்குமா என்று பயந்தேன். பெரிய ரோடு எல்லாம் வழவழவென்று இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் அம்மா வயதுக்காரர்களுக்கும் முடியும். புதுக்குடியிருப்பில் காலைச் சாப்பாடு, அவரையும் கூடவே உட்காரச் சொன்னோம். அப்படித்தான் வழக்கம், அவர் சாப்பாட்டுக் காசை நாம்தான் கொடுக்கவேண்டும், அதை வாடகையில் கழிக்கக்கூடாது. முள்ளிவாய்க்காலில் அவராகவே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். எதுவும் விளக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்றார். நானும் அம்மாவும் பின்னால் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. 2009-இல் அவருக்கு என்ன வயது இருந்திருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன், வாய்விட்டு எதையும் கேட்கவில்லை. அந்த வழியில் ஆட்டோவோ வானோ பேசிக்கொண்டு போகிறவர்கள், ஓட்டுநர் எங்கே நிறுத்தினாலும் அவசரப்படுத்தாதீர்கள், நேரத்தைக் காசாகக் கணக்குப் பண்ணாதீர்கள். வட்டுவாகல் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று போனோம். திரும்பும்போது முறிகண்டிப் பிள்ளையாருக்கு அவர் ஒரு தேங்காய், நாங்கள் ஒரு தேங்காய். வாசலில் சுடச்சுடக் கச்சான் (நம்மூர் வேர்க்கடலை), அம்மா மூன்று பொட்டலம் வாங்கினார், ஒன்று அவருடைய பிள்ளைகளுக்கு.

இன்னும் சில விஷயங்கள். 5,000 ரூபாய் நோட்டை ஆட்டோக்காரரிடம் நீட்டாதீர்கள், மாத்தின காசு இல்லை என்பார், அது பெரும்பாலும் உண்மை. காலையிலேயே கடையில் மாற்றி 100, 500 நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இந்திய ரூபாயை யாரும் வாங்கமாட்டார்கள். மழைக்காலத்தில் உள்ளூர் ரோடுகளுக்குக் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அந்தச் சேற்றில் வண்டி படும் பாட்டை நேரில் பார்த்தேன். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்னாலேயே வண்டி சொல்லிவையுங்கள்.

அண்ணனுடைய நம்பர் கேட்டு யாரும் எழுதவேண்டாம், அவரைக் கேட்காமல் நான் தரமுடியாது. காலை 7 மணிக்கு மேல் கரடிப்போக்குச் சந்தியில் போய் நின்று பாருங்கள். கொப்பி தொங்குகிற சிவப்பு வண்டி நின்றால் அதுதான். திருச்சி அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பார், முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.